செங்காந்தள் வளர்ப்போம், அதன் விஷத்தையும் அறிவோம்!



முதலில் ஒரு விடுகதை.

பச்சையாய்ப் பிறப்பேன், மஞ்சளாய்ச் சிரிப்பேன், சிவப்பாய் முடிப்பேன். கை இல்லை, இலை நுனியால் பிடித்து ஏறுவேன். தலை கீழே, இதழ் மேலே. பார்த்தால் தீ, தின்றால் நஞ்சு. நான் யார்?

விடையைத் தலைப்பிலேயே எழுதிவிட்டேன். செங்காந்தள்தான்! நம் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. மாநில மரம் பனை, மாநிலப் பறவை மரகதப் புறா, மாநில விலங்கு நீலகிரி வரையாடு என்று எல்லாரும் பொது அறிவுக்காக மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் "செங்காந்தளை நேரில் பார்த்திருக்கீங்களா?" என்று எங்கள் வகுப்பில் கேட்டால், கையைத் தூக்கியவர்கள் மூன்றே பேர். இத்தனைக்கும் நாம் இருப்பது தாராபுரம். இங்கிருந்து மூலனூர்ப் பக்கம் போனால் காடு காடாக இதைப் பயிர் செய்கிறார்கள்! அங்கே அதற்குப் பெயர் வேறு. 'கண்வலிக் கிழங்கு' என்றால்தான் தெரியும்.

மூலனூரில் இருக்கும் என் மாமா இரண்டு ஏக்கரில் இதைப் போட்டிருக்கிறார். போன ஆடி மாதம் அவரிடம் நான்கு கிழங்கு வாங்கி வந்து எங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்த்தேன். நான் பார்த்ததையும், கேட்டதையும், பாடப்புத்தகத்தோடு சேர்த்துப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பல பெயர் கொண்ட பூ

இந்தச் செடிக்கு எத்தனை பெயர்கள்! கிழங்கு வளைந்து ஏர்க்கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக் கிழங்கு. கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப் பூ. ஈழத்துத் தமிழர்களும் கார்த்திகைப் பூ என்றே சொல்கிறார்கள். கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பு மாதிரி தெரிவதால் அக்கினிசலம் என்றும் ஒரு பெயர். பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்பார்கள், அதனால் கண்வலிப்பூ. (நான் தினமும் பார்த்தேன், எனக்கு வலிக்கவில்லை!)

இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. 'புகழ் மிக்கது, மிகச் சிறந்தது' என்று பொருள் கொள்ளலாம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன என்று தமிழையா சொன்னார். அந்த வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசியப் பூ. 1947-இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் அங்கே போனபோது, பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்து இந்தப் பூ வடிவில் ஒரு வைரப் பதக்கம் பரிசளித்தார்களாம். நம்மைப் போன்ற பிள்ளைகள்தானே!

பூவை உற்றுப் பாருங்கள்

செங்காந்தள் ஒருவித்திலைத் தாவரம். இலையைப் பார்த்தாலே தெரியும், நரம்புகள் இணையாக ஓடும். ஆனால் இலையின் நுனி மட்டும் நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். பக்கத்தில் குச்சியோ கம்பியோ கிடைத்தால் நுனி அதில் சுற்றிக்கொள்ளும். அப்படியே மேலே ஏறிவிடும்.

பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மட்டும் பின்பக்கமாக மடங்கி வானத்தைப் பார்க்கும். விளிம்பு எல்லாம் அலை அலையாக இருக்கும். மகரந்தத்தாள்கள் ஆறும் குடைக் கம்பி மாதிரி சுற்றிலும் விரிந்து நிற்கும். சூலகத்தண்டு இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. அடியிலேயே ஒடிந்தது போலச் செங்கோணத்தில் திரும்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூலகமுடியில் எளிதாக விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து வேறு பூவின் மகரந்தத்தைத் தடவிவிட்டுப் போகும்.

காட்டில் இவ்வளவு பூவுக்கும் அத்தனை பட்டாம்பூச்சிக்கு எங்கே போவது? அதனால் மாமா தோட்டத்தில் காலையில் ஆட்கள் வந்து, மகரந்தத்தைக் கையால் எடுத்து ஒவ்வொரு பூவின் சூலகமுடியிலும் தொட்டு வைக்கிறார்கள். "பூச்சி செய்யற வேலைக்கு நாங்க கூலி குடுக்கறோம் அம்முணி" என்று மாமா சிரிப்பார். இப்படிச் செய்தால்தான் காய் நிறையப் பிடிக்கும். அங்கே பூவுக்காக யாரும் வளர்ப்பதில்லை, விதைக்காகத்தான். மருந்துக் கம்பெனிகளுக்கு விதை போகிறது. விலை ஒரு வருஷம் ஏறும், ஒரு வருஷம் இறங்கும். கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போன வருஷமும் உண்டு.

அப்பத்தா சொன்ன செய்தி

கிழங்கோடு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பத்தா பார்த்துவிட்டார். "இதெல்லாம் ஊட்டுக்குள்ள வேண்டாங் கண்ணு. ஆகாத கெழங்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பஞ்ச காலத்தில், பக்கத்து வீட்டில் ஒருவர் வேலியோரம் தோண்டிய கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேக வைத்துத் தின்றாராம். அன்று சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. ராத்திரி வாந்தியும் பேதியும் ஆரம்பித்து, மூன்றாம் நாள் அவர் இல்லை. "வேக வெச்சா வெசம் போயிருமுன்னு நெனச்சுட்டாரு பாவம்" என்று அப்பத்தா சொன்னார்.

இதை அடுத்த நாள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். "உங்க அப்பத்தா சொன்னது முழுக்க உண்மை" என்று சொல்லி, அதன் காரணத்தையும் விளக்கினார். அதைத்தான் நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷம் எப்படி வேலை செய்கிறது?

செங்காந்தளில் உள்ள முக்கிய நஞ்சு கால்ச்சிசின். கிழங்கு, விதை, இலை, பூ என்று செடி முழுக்க உண்டு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேக வைத்தாலும் இது போகாது.

செல் பிரிதல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு செல் இரண்டாகும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும். கதிர்க்கோல் இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும். கால்ச்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாமல் தடுத்துவிடும். கயிறே இல்லாவிட்டால் கிணற்றில் வாளி எப்படி மேலே வரும்? செல் பிரிதல் பாதியில் நின்றுவிடும்.

நம் உடம்பில் வேகமாகப் பிரிகிற செல்கள் எவை? குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர். அடி விழுவதும் அங்கேதான். தின்ற சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, பேதி. பிறகு ரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகம், இதயம் எல்லாம் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொட்டும். நேரடியான மாற்று மருந்து எதுவும் இல்லை. மருத்துவமனையில் ஒவ்வொரு உறுப்பாகக் காப்பாற்றத்தான் முடியும்.

அப்பத்தா சொன்னாரே, 'சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை' என்று, அதுதான் இதில் பெரிய ஆபத்து. "ஒன்னும் ஆகலையே" என்று நாம் சும்மா இருக்கும் நேரத்தில் அது உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கும்.

அதே விஷம், அதே மருந்து

இந்தக் கால்ச்சிசினே மருந்தும் ஆகிறது என்பதுதான் வியப்பு. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து, கால் பெருவிரல் வீங்கி வலிக்கும் ஒரு வாத நோய்க்கு டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள். ஒரு மாத்திரையில் இருப்பது வெறும் 0.5 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் 2000-இல் ஒரு பங்கு. சின்னக் கிழங்குத் துண்டு ஒன்றிலேயே பல மாத்திரைகளின் அளவு இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அளவுக்குள் நின்றால் நஞ்சும் மருந்து!

சித்த மருத்துவத்திலும் இந்தக் கிழங்கைச் சுத்தி செய்து பயன்படுத்துகிறார்கள். அது முறையாகப் படித்த வைத்தியரின் வேலை. "யாரோ சொன்னாங்க" என்று வீட்டில் அரைத்துப் பார்க்கக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

* கால்ச்சிசினை 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் கவாந்துவும் கால்ச்சிகம் என்ற வேறொரு கிழங்குச் செடியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தெடுத்ததும் அதே ஆண்டு, அதே இருவர்.

* 1937-இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற இரு அறிவியலாளர்கள், கால்ச்சிசினால் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று காட்டினார்கள். அவர்கள் சோதித்த செடிகளில் நம் ஊர் ரோட்டோரத்து ஊமத்தை இனமும் ஒன்று.

* தர்ப்பூசணிக்கு 22 குரோமோசோம்கள். கால்ச்சிசின் கொடுத்து 44 ஆக்கி, அதைச் சாதாரணத் தர்ப்பூசணியோடு கலந்தால் 33 வரும். 33-ஐச் சரிபாதியாகப் பிரிக்க முடியாதே! அதனால் விதை பிடிக்காது. விதையில்லாத் தர்ப்பூசணி கிடைப்பது இப்படித்தான்.

வளர்க்கும் முறை

1. பருவம்: ஆடி மாதம் நடலாம். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். தை மாதத்துக்குள் கொடி காய்ந்துவிடும்.

2. கிழங்கு: பார்க்க முரடாக இருந்தாலும் இது ரொம்ப மென்மையான கிழங்கு. இரண்டு கிளையின் நுனியிலும்தான் முளை இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைப்பது சந்தேகம். மாமா கிழங்கைக் கூடையில் வைக்கோல் பரப்பித்தான் கொடுத்தார். "முட்டையைத் தூக்கற மாதிரி தூக்கோணும்" என்றார். விதையிலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் பூப் பார்க்க மூன்று நான்கு வருஷம் பொறுமை வேண்டும்.

3. தொட்டியும் மண்ணும்: ஒரு அடிக்குக் குறையாத ஆழம். அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு.

4. நடவு: கிழங்கைப் படுக்க வைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் மூட வேண்டும். நுனி தொட்டியின் விளிம்பில் இடிக்கக் கூடாது. உடனே முளைக்காது. எனக்கு முதல் முளை வர 19 நாள் ஆனது. தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள், முளை ஒடிந்துவிடும்.

5. பந்தல்: முளைத்ததும் குச்சி நட்டுவிட வேண்டும். தோட்டத்தில் கம்பி கட்டியோ, முள்கிளுவை, விராலிக் குச்சிகளிலோ ஏற்றுவார்கள். நான் பழைய சைக்கிள் கம்பிகளையும் மூங்கில் குச்சியையும் கட்டினேன். பற்றுக்கம்பி மெல்லியது, பருமனான கட்டையைச் சுற்ற அதனால் முடியாது.

6. தண்ணீர்: மேல்மண் காய்ந்தால் ஊற்றினால் போதும். தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

7. பூச்சி: கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த புழு வந்து இலையை மொட்டையடிக்கும். நமக்கு விஷமான இலை அதற்கு விருந்து! குச்சியால் எடுத்து அப்புறப்படுத்தலாம்.

8. ஓய்வு: பூ முடிந்து இலை மஞ்சளானால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். நட்ட பழைய கிழங்கு சுருங்கிப்போய், அதன் இடத்தில் புதுக் கிழங்கு வந்திருக்கும். அப்படியே தொட்டியை மழை படாத நிழலில் வைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் தானே முளைக்கும். குளிர் நாடுகளில் பனி கொன்றுவிடும் என்று கிழங்கை எடுத்து வீட்டுக்குள் பாதுகாப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை.

அப்பத்தாவின் நிபந்தனைகள்

எல்லாம் சொன்ன பிறகும் அப்பத்தா உடனே சம்மதிக்கவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுச் சில நிபந்தனைகள் போட்டார். அவற்றோடு ஆசிரியை சொன்னதையும் சேர்த்துக் கொடுக்கிறேன். வளர்க்க விரும்புகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

* கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்தச் செடி வேண்டாம். குழந்தை வளரட்டும், பூ காத்திருக்கும். ஆடு, மாடு, நாய் மேயும் இடத்திலும் வேண்டாம்.

* கதவுள்ள மொட்டை மாடியோ, வேலி போட்ட மூலையோதான் சரியான இடம். கீரை, காய்கறி போட்ட பாத்தியில் நடவே கூடாது.

* தொட்டியில் 'விஷச் செடி, தொடாதே' என்று பெயிண்டால் எழுத வேண்டும்.

* காய் வெடித்தால் உள்ளே விதை சிவப்பு முத்து மாதிரி மின்னும். குழந்தைகளுக்கு மிட்டாய் போலத் தோன்றும். வீட்டுச் செடியில் பூ வாடியதும் காயாகும் முன்பே கிள்ளிப் புதைத்துவிட வேண்டும்.

* கிழங்கைத் தோண்டினால் ஒரு நிமிஷம்கூடச் சமையலறையில் வைக்கக் கூடாது. வெங்காயக் கூடை, கிழங்குக் கூடை பக்கமே போகக் கூடாது.

* கையுறை போட்டுத் தொடுவது நல்லது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

* யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறி வரும் வரை காத்திருக்கக் கூடாது. 108-க்கு போன் செய்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தின்ற கிழங்கோ இலையோ மிச்சம் இருந்தால் கவரில் போட்டு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது போன்ற கை வைத்தியம் கூடாது.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பிக்கு இவை எல்லாம் மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்குக் கூட்டிப்போய், "பாக்கலாம், தொடக்கூடாது. தொட்டா கை கழுவோணும்" என்று கண்டிப்பான வாத்தியார் மாதிரி சொல்கிறான். தபால்காரரைக்கூட விடவில்லை.

இவ்வளவு ஆபத்தான செடி நமக்குத் தேவையா?

இப்படி நண்பர்கள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன்.

நம் தெருவில் அரளி இருக்கிறது, விஷம். குப்பை மேட்டில் ஊமத்தை இருக்கிறது, விஷம். ஆமணக்கு விதையும் விஷம். எல்லாவற்றையும் வெட்டிவிட முடியுமா? நடுச்சாலையில் அரசாங்கமே அரளி வைத்திருக்கிறது. அப்பத்தாவின் பக்கத்து வீட்டுக்காரர் தின்ற கிழங்கை யாரும் தொட்டியில் வளர்க்கவில்லை. அது வேலியில் தானாக முளைத்தது. அந்தக் கொடியையும் கிழங்கையும் அடையாளம் தெரிந்திருந்தால் அவர் தொட்டிருக்கவே மாட்டார். அவரைக் கொன்றதில் விஷத்துக்குப் பாதிப் பங்கு, தெரியாமைக்குப் பாதிப் பங்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மருந்துக்காகக் காட்டிலும் வேலியிலும் கிழங்கைத் தோண்டித் தோண்டி, தானாக முளைக்கிற செங்காந்தள் பல இடங்களில் அரிதாகிவிட்டது. வேலிகளும் கம்பி வேலியாக மாறிவிட்டன. குறிஞ்சிப்பாட்டில் முதலிடம் பிடித்த பூவைப் பொது அறிவுப் புத்தகத்தில் மட்டும் பார்ப்பது நமக்குப் பெருமையா? ஒன்று சொல்லிவிடுகிறேன், வளர்க்க விரும்புகிறவர்கள் காட்டில் போய்த் தோண்டாதீர்கள். பயிர் செய்கிற விவசாயியிடமோ நர்சரியிலோ கேட்டு வாங்குங்கள்.

எல்லார் வீட்டிலும் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் இதை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சுவரிதழின் கீழ்ப் பக்கத்தில் கொடி, பூ, காய், கிழங்கு நான்கையும் வண்ணப் பென்சிலில் வரைந்திருக்கிறேன். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதன் பெயர் என்ன, எங்கே பார்த்தார்கள் என்று கேளுங்கள். நமக்குத் தெரியாத செய்தி அவர்களிடம் கட்டாயம் இருக்கும்.

சிந்திக்க மூன்று கேள்விகள் (விடைகள் கட்டுரைக்குள்ளேயே உள்ளன)

1. செங்காந்தளின் சூலகத்தண்டு ஏன் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது?

2. கால்ச்சிசின் விஷத்தால் முதலில் வயிறும், பிறகு ரத்தமும் முடியும் பாதிக்கப்படுவது ஏன்?

3. கிழங்கைத் தின்றவருக்குச் சில மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாம் கேள்விக்கு மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கியே ஆக வேண்டும்!



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி